குறும்புப் பரிசு: இசைக்குழுவுக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

சென்ற அத்தியாயத்தில் டிக்கெட், இருக்கை, வண்டி நிறுத்தம் எல்லாம் பார்த்தோம். இந்த அத்தியாயம், பிடித்த குழுவின் கச்சேரிக்குக் கையை வீசிக்கொண்டு போக மனம் வராதவர்களுக்கு. பொன்னாடை, பூங்கொத்து, கேடயம் பற்றி இங்கே பேசப் போவதில்லை. பிரித்ததும் குழுவினர் சிரிக்க வேண்டும். சிரித்து முடித்த பிறகும் அதைத் தூக்கிப் போட மனசு வரக் கூடாது. அப்படிப்பட்ட சின்னக் குறும்புப் பரிசைப் பற்றித்தான் பேச்சு.

பெங்களூரின் வைட்ஃபீல்ட் இதற்குத் தோதான இடம். அரண்மனை மைதானத்தில் 2007-ல் அயர்ன் மெய்டனும் 2011-ல் மெட்டாலிகாவும் வாசித்தபோது மேடைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஓர் ஊரே நின்றது. இங்கே நிலைமை வேறு. இ.பி.ஐ.பி. வட்டாரத்து விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் அரங்கு சின்னது. கிட்டார்காரர் தந்தியை முறுக்குவது பின்வரிசைக்கும் தெரியும். ராமகொண்டனஹள்ளியில் 2011-ல் திறந்த ஜாக்ரிதி அரங்கம் நாடகத்துக்காகக் கட்டியது, இசைக்கும் இடம் தருகிறது. அங்கே உட்காரக்கூடியவர்கள் சுமார் 200 பேர்தான். மகாதேவபுராவின் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி முற்றத்தில் கூட்டம் அதிகம் சேரும், ஆனாலும் அதை மைதானம் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் கச்சேரி முடிந்த அரை மணி நேரத்தில் டிரம்மரே தன் சிம்பலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருப்பார். பேசலாம், கொடுக்கலாம். கொடுக்க வாய்ப்பு இருக்கிறது என்பதாலேயே எதைக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கலைஞருக்குக் கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. நாதஸ்வர வித்வான்களுக்குத் தோடாவும் பதக்கமும் சாதராவும் போட்ட ஊர்கள் நம்முடையவை. கரகாட்டம் நடக்கும்போது ஆடுகிறவரின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் மேடை மரியாதை என்றால் மைசூர்ப் பேட்டா, சந்தன மாலை, பழக்கூடை. இவை எல்லாமே மரியாதையின் அடையாளங்கள். யாருக்குக் கொடுத்தாலும் அதே பேட்டாதான், அதே பழக்கூடைதான். குறும்புப் பரிசு அந்த ஒரு குழுவைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தக் கூடாது. ‘உங்கள் பாட்டில் இந்த இடத்தை நான் கவனித்தேன்’ என்று அது சொல்ல வேண்டும். இதைச் சொல்லாத பரிசு எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

(நோட்டு மாலை பற்றி ஒரு வார்த்தை: ரூபாய் நோட்டுகளை மாலையாகக் கோக்காதீர்கள், மேடையில் தூவாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. வேடிக்கைக்குக்கூட வேண்டாம்.)

கடைக்குப் போவதற்கு முன்னால் காது

பெரும்பாலோர் குழுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். கொச்சியின் ‘வென் சாய் மெட் டோஸ்ட்’ குழுவுக்கு டீத்தூளும் ரஸ்க்கும் கொண்டுபோகலாம் என்று யாருக்கும் முதல் நிமிடத்திலேயே தோன்றும். தோன்றியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். பெயரை வைத்து விளையாடக் கூடாது என்று சொல்லவில்லை. முதலில் தோன்றியதைத் தள்ளிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள் என்கிறேன்.

தெர்மல் அண்ட் எ குவார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் பெங்களூரில் தொடங்கிய குழு. மூன்று மலையாளிகளும் ஒரு கால் மலையாளியும் சேர்ந்தது என்ற வேடிக்கைதான் அந்தப் பெயர். ஆகவே ‘கால்’ சம்பந்தமாக ஏதாவது கொடுக்கலாம் என்று தோன்றும். அடுத்த படி எது? வீட்டுப் பீரோவில், பாட்டியின் சுருக்குப் பையில், பழைய கல்லாப்பெட்டியின் அடியில் கிடக்கும் 25 பைசா. 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போன நாலணா. பணமதிப்பு கிடையாது, அதனால் யாருக்கும் சங்கடமும் கிடையாது. சின்ன மரச்சட்டத்தில் அந்த நாணயத்தைப் பதித்து, கீழே நாலு எழுத்து எழுதினால் போதும். சட்டைப் பையில் அடங்கும்.

அதே குழு 2012-ல் ‘த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்’ என்று மூன்று வட்டுகள் கொண்ட ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. மூன்று சக்கரம் என்றால் பெங்களூர்வாசிக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்டோவை நிறுத்திய யாருக்கும் ‘மீட்டர் மேலே ஒன்றரை’ என்றால் என்னவென்று தெரியும். அந்த ஆல்பத்தில் அதைப் பற்றியே பாட்டு இருக்கிறது. ஒரு மர ஆட்டோ பொம்மை, அதன் முன்பக்கம் கையால் வரைந்த கட்டண அட்டை, அட்டையில் கிலோமீட்டருக்குப் பதிலாக அந்த ஆல்பத்துப் பாட்டுகளின் நீளம். இதைச் செய்ய ஆல்பத்தை முழுக்கக் கேட்டாக வேண்டும். கேட்ட உழைப்பு பொம்மையில் தெரியும்.

அகம் குழு இன்னொரு மாதிரி. 2003-ல் பெங்களூரில் உருவாகி, 2007-ல் சன் டிவியின் ‘ஊ லலலா’ போட்டியில் வென்று, 2012-ல் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தவர்கள். கர்நாடக சங்கீதக் கிருதியை ராக் இசையோடு பின்னுகிறவர்கள். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மென்பொருள் நிறுவனங்களில் டிசைன் வேலை பார்த்தவர். குழுவில் பலருக்கும் இப்படி ஒரு பகல் வேலை இருந்திருக்கிறது. வைட்ஃபீல்ட் ரசிகருக்கு இதைவிட நெருக்கமான விஷயம் வேறென்ன வேண்டும்? நமக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கலக்கும் தாள் ஒன்று உண்டே, அப்ரைசல் படிவம், அதையே பரிசாக்கலாம். ஒரே ஒரு பக்கம். இலக்கு, சாதனை, மேலாளர் கருத்து, மதிப்பெண் என்று நான்கு கட்டம். ‘சாதனை’ என்ற கட்டத்தில் பொத்தாம் பொதுவாக ‘அருமை’ என்று எழுதினால் பரிசு செத்தது. நளினகாந்தியில் அவர்கள் எடுத்துக்கொண்ட ‘மனவ்யாலகிஞ்சரா’வில் எந்த இடத்தில் டிரம்ஸ் அடங்கிக் குரலுக்கு வழிவிடுகிறது, எந்த இடத்தில் கிட்டார் திரும்ப ஏறுகிறது, அதைக் கேட்கும்போது நீங்கள் எந்தச் சிக்னலில் நின்றுகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். ‘மேலாளர் கருத்து’ கட்டத்தில் உங்கள் வீட்டுப் பாட்டி என்ன சொன்னார் என்று எழுதலாம். பல வீடுகளில் இந்தக் குழுவின் கடுமையான விமர்சகரும் தீவிர ரசிகரும் அவர்தான்.

பாடகர் ரகு தீட்சித் மேடையில் லுங்கி கட்டி, காலில் சலங்கையோடு நிற்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். பரதநாட்டியம் கற்றவர், நுண்ணுயிரியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பது பாதிப் பேருக்குத்தான் தெரியும். லுங்கி கொடுப்பது முதல் படி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் குடியாத்தம் கைலி ஒன்றை வாங்கி வந்தால் அதற்கு ஊர் மணம் கூடும், தப்பில்லை. இரண்டாவது படிக்கு நான் சொல்வது இது: வட்டமாக வெட்டிய கெட்டி அட்டையை எடுத்து, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு மாதிரி ஓரம் வரையுங்கள். நண்பர்கள் இருபது பேர் மை தொட்டு விரல் ரேகை வையுங்கள். ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் அவரவருக்குப் பிடித்த பாட்டின் பெயர். ஓரத்தில் ‘ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது’ என்று எழுதினால் போதும், நுண்ணுயிரியல் படித்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். செலவு என்று பார்த்தால் அட்டையும் மைப்பெட்டியும்தான்.

சென்னபட்டணா

குறும்புப் பரிசுக்கு இந்த ஊர்ப்பக்கம் கிடைக்கும் பொருட்களில் எனக்கு மிகவும் பிடித்தது சென்னபட்டணா பொம்மை. ஊர், பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டர். புவிசார் குறியீடு பெற்ற தொழில். பொம்மை செய்யும் மரத்தை அங்கே ‘ஆலெ மரம்’ என்கிறார்கள். நம் பக்கத்து வெப்பாலைதான். வெளுப்பான, மென்மையான மரம். பதப்படுத்திய துண்டைக் கடைசல் எந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாக விழும். உருவம் வந்த பிறகு, சுழன்றுகொண்டிருக்கும் போதே அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை மடித்துப் பிடித்துத் தேய்த்தால்தான் அந்தப் பளபளப்பு. வண்ணத்துக்கு மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்கள். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லாத பொம்மை என்று பெயர் வாங்கியது இதனால்தான்.

நேரில் போக முடிந்தால் போங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து புறப்படும் மைசூர் ரயில்களில் பல அங்கே நிற்கும். பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குவதானால் குறைந்தது மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கையால் ஒரு படம் வரைந்து, நீள அகலம் குறித்துக் கொடுங்கள். கடைசலில் வருவது உருண்டை வடிவங்கள்தான் என்பதை மனதில் வைத்து வரையுங்கள்: தவில், மிருதங்கம், டிரம்ஸ், மைக் எல்லாம் அழகாக வரும், கிட்டார் அவ்வளவு எளிதாக வராது. நேரமில்லை என்றால் எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் தயாராக இருப்பதை வாங்கலாம். வைட்ஃபீல்டின் கடுகோடியிலிருந்து எம்.ஜி. ரோட்டுக்கு ஊதா வழித்தட மெட்ரோவிலேயே, வண்டி மாறாமல் போய்விடலாம். ஐந்து பேர் குழு என்றால் தலையாட்டும் பொம்மைகள் ஐந்து வாங்கி, ஒவ்வொன்றின் கையிலும் காகிதத்தில் வெட்டிய வாத்தியத்தை ஒட்டுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். பேஸ் கிட்டார்காரரை யாரும் கவனிப்பதில்லை என்பது எல்லாக் குழுவுக்கும் பொது. அவருடைய பொம்மையை மட்டும் ஒரு சுற்று பெரிதாக எடுங்கள். அதற்காகவே அவர் உங்களை ஞாபகம் வைத்திருப்பார்.

எறியாதீர்கள்

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மேடையை நோக்கி எதையும் எறியாதீர்கள். பஞ்சு பொம்மையானாலும், பூவானாலும்.

பீட்டில்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஜெல்லி பேபி மிட்டாய் பிடிக்கும் என்று 1963 வாக்கில் செய்தி பரவியது. இங்கிலாந்து ரசிகர்கள் மேடைமேல் மிட்டாய் மழை பொழிந்தார்கள். 1964 பிப்ரவரியில் குழு வாஷிங்டனில் வாசித்தபோது அமெரிக்க ரசிகர்களும் அதையே செய்ய நினைத்தார்கள். ஆனால் அங்கே கிடைத்தது ஜெல்லி பீன்ஸ், மேலோடு கெட்டியான வகை. அது மேலே பட்டு வலித்ததையும், கிட்டார் தந்தியில் பட்டு அபஸ்வரம் எழுந்ததையும் ஹாரிசன் பின்னர் சொல்லியிருக்கிறார். எறியாதீர்கள் என்று அதற்கு முன்பே ஒரு ரசிகைக்குக் கடிதமே எழுதியிருந்தார். அன்பில்தான் எறிந்தார்கள். வாங்கிக்கொண்டவருக்கு அடிதான் விழுந்தது.

கனடாவின் பேர்நேக்கட் லேடீஸ் குழுவுக்கு நடந்தது இன்னும் பாடம் சொல்லும். 1992-ல் வந்த அவர்களது ‘கார்டன்’ ஆல்பத்தில், பத்து லட்சம் டாலர் கிடைத்தால் என்னென்ன செய்யலாம் என்று கனவு காணும் பாட்டு ஒன்று. அதில் கிராஃப்ட் டின்னர் என்ற பெட்டி மக்ரோனி வருகிறது. அந்த வரி வரும்போதெல்லாம் ரசிகர்கள் மக்ரோனியை மேடையில் வீசத் தொடங்கினார்கள். பெட்டியோடு வீசினால் காயம், பிரித்து வீசினால் பாலாடைத் தூள் கருவிகளுக்குள் போய் விளக்குச் சூட்டில் நாறியது. குழு கோபித்துக்கொள்ளவில்லை. அரங்க வாசலில் தொட்டி வைத்து, வீச நினைத்த பெட்டியை இதில் போடுங்கள், ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டது. விளையாட்டும் கெடவில்லை, பசியும் ஆறியது. நான் அறிந்தவரை குறும்புப் பரிசு ஒன்றைக் குழுவே நல்ல வழியில் திருப்பிவிட்டதற்கு இதுவே சிறந்த உதாரணம்.

அண்மைக்கு வந்தால், 2023 ஜூனில் நியூயார்க்கில் பாடகி பீபி ரெக்ஸாவின் முகத்தில் ஒருவர் எறிந்த செல்போன் பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. அதே மாதம் கெல்சி பெலரினியின் கண்ணருகே பட்டது கையில் கட்டும் வளையல். யாரோ எறிந்த சின்ன வளையல்தான்.

சின்ன அரங்கில் ஆபத்து குறைவு என்று நினைப்பது தவறு. வைட்ஃபீல்டின் பல மேடைகளில் கிட்டார்காரரின் காலடியில் பெடல் போர்டு, பக்கத்தில் கேபிள், அரை அடி தள்ளி மானிட்டர். ஒரு பூவிதழில் கால் வழுக்கினால் போதும். ஜிகினாத் தூள் ஒலிக் கன்சோலின் நகர்த்திகளுக்குள் புகுந்தால் எடுக்கவே முடியாது. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பொறியாளரின் சாபம் உங்களுக்கு வேண்டாம். பலூன் வெடித்தால் மைக் அதையும் பாடும். லேசர் விளக்கைக் கலைஞரின் கண்ணுக்கு நேரே காட்டுவது பரிசும் அல்ல, விளையாட்டும் அல்ல. பெரிய பேனர் கட்டி வாழ்த்தும் எண்ணம் இருந்தால், கர்நாடகத்தில் 2016 முதலே பிளாஸ்டிக் பேனர், பிளெக்ஸ், தெர்மாகோல் எல்லாவற்றுக்கும் தடை என்பதை ஞாபகம் வையுங்கள். பழைய வேட்டியில் துணிச்சாயத்தால் எழுதினால் அதைவிட அழகாகவும் இருக்கும், மடித்துக் கொடுத்தும் விடலாம்.

அளவும் எடையும்

ராத்திரி கச்சேரி முடித்துவிட்டு விடியற்காலை விமானம் பிடிக்கும் குழுக்கள் பல. வைட்ஃபீல்டிலிருந்து கெம்பகௌடா விமான நிலையம் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். பெட்டியைத் திறந்து அடுக்க அவகாசம் இருக்காது. கிட்டார் உறையின் முன் ஜிப்புக்குள் போகிற அளவுதான் சரியான அளவு. கண்ணாடி வேண்டாம். பேட்டரி உள்ள பொம்மை வேண்டாம். லித்தியம் பேட்டரியைத் தனியாகச் சரக்குப் பெட்டியில் வைக்க முடியாது. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கு. தேங்காயில்தான் விளையாட வேண்டும் என்றால் கொட்டாங்குச்சியில் செதுக்கிய கிட்டார் பிக் கொடுங்கள். நன்றாகத் தேய்த்து, ஓரத்தை நைசாக்கி, துளியும் நார் இல்லாமல் கொடுத்தால் கிட்டார்காரர் ஒரு பாட்டுக்காவது வாசித்துப் பார்ப்பார். ஒலி சற்றுக் கடினமாக வரும். தந்தி, டிரம் குச்சி போன்றவற்றை மட்டும் யூகித்து வாங்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு, பழக்கம் வேறு.

வீட்டில் செய்த தின்பண்டம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முறுக்கும் தட்டையும் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அறிமுகமில்லாதவர் கொடுத்த பிரித்த பொட்டலத்தைக் கலைஞர்கள் சாப்பிடத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். மறுநாளும் பாட வேண்டிய குரல் அது. கடையில் மூடி முத்திரையிட்ட பெட்டியாகக் கொடுங்கள், குறும்பை மேலட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மதுபானம் வேண்டவே வேண்டாம்.

கைமாற்றுவது

டிக்கெட் வாங்கிய அன்றே குழுவின் மேலாளருக்கோ அரங்கத்துக்கோ இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்: இன்ன பொருள், இன்ன அளவு, கொண்டுவரலாமா. பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் வாசல் சோதனையில் நின்றுபோகாத பொருளாகத் தேர்ந்தெடுங்கள். மெட்ரோவில் வருகிறீர்கள் என்றால் அங்கேயும் பை எந்திரத்துக்குள் போகும். வண்ணத்தாள் சுற்றி, மூன்று அடுக்கு டேப் போட்டு ஒட்டிய பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் பிரித்துத்தான் ஆக வேண்டும். துணிப்பையில் போட்டுக் கயிற்றால் கட்டினால் தொல்லை இல்லை. ஃபீனிக்ஸுக்கு வருகிறவர்கள் சிங்கய்யனபாளையா நிலையத்தில் இறங்கலாம்.

சவுண்ட் செக் நேரத்தில் போய் நிற்காதீர்கள். அப்போது அவர்கள் மனசெல்லாம் மானிட்டரில் குரல் கேட்கிறதா என்பதில்தான் இருக்கும். சரியான இடம், கச்சேரி முடிந்த பிறகு டி-ஷர்ட்டும் ஆல்பமும் விற்கும் மெர்ச் மேசை. அங்கே நிற்பவரிடம் கொடுத்து, யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். குழுவினர் அங்கேயே வந்தால் நேரில் கொடுங்கள், பின்னால் நிற்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ‘இப்பவே பிரிங்க அண்ணா’ என்று வற்புறுத்தாதீர்கள். வியர்வையோடு, பசியோடு, கேபிள் சுருட்டப் போகிற மனிதர் அவர்.

வைட்ஃபீல்டுக்கு மட்டுமே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நீங்கள் வேலை பார்க்கும் டெக் பார்க்கிலேயே, அடுத்த கட்டடத்தில், உங்கள் அபிமான டிரம்மர் வேலை பார்க்கலாம். லிஃப்டில் பார்த்திருப்பீர்கள். உங்கள் அடுக்குமாடியிலேயே குடியிருக்கவும் கூடும். அதற்காகப் பரிசைக் கொண்டுபோய் அலுவலக ரிசப்ஷனில் வைக்காதீர்கள்; வீட்டு வாசலில் வைப்பது அதைவிட மோசம். மேடையில் ரசிகருக்காக நிற்கிறவர் அலுவலகத்தில் தன் வேலைக்காக நிற்கிறார். அங்கே ஒரு வணக்கம் போதும். பெண் கலைஞர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்: உடை, நகை, அழகுசாதனம், உடம்பைக் குறிக்கும் கேலி எதுவும் விளையாட்டில் சேராது. அவர் வாசிக்கும் வாத்தியத்தை வைத்து விளையாடுங்கள்.

கூட்டுப் பரிசு

1957-ல் எல்விஸ் பிரெஸ்லி கரடி பொம்மையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். அவருக்கு ஆயிரக்கணக்கில் கரடி பொம்மைகள் வந்து குவிந்தன. அவர் அவற்றைப் போலியோவுக்கு எதிராக உழைத்த அமைப்புக்குக் கொடுத்தார். ஒரே பரிசை ஆயிரம் பேர் கொடுத்தால் இதுதான் நடக்கும். கொரியாவில் ரசிகர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். கச்சேரி வாசலில் மலர்வளையத்துக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை அடுக்கி, வேடிக்கை வாசகங்கள் எழுதிய ரிப்பன் கட்டுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அரிசி கலைஞரின் பெயரில் தானமாகப் போய்விடும். பிடிஎஸ் குழுவின் நிறுவனம் போன்றவை கடிதம் தவிர வேறு எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்று விதியே வைத்திருக்கின்றன. பெங்களூரில் பிடிஎஸ் ரசிகைகள் ஏராளம். உங்கள் வீட்டுப் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள், இந்த விதிகளை உங்களைவிட நன்றாக அவள் சொல்வாள்.

அரிசி மூட்டை நமக்கு மிக இயல்பாகப் பொருந்தும். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் பதினைந்து பேரில் ஒரு மூட்டை வந்துவிடும். பக்கத்து முதியோர் இல்லத்திலோ விடுதியிலோ முன்கூட்டியே பேசி, என்ன அரிசி வேண்டும் என்று அவர்களையே கேட்டு வாங்கிக் கொடுங்கள். குழுவுக்குப் போக வேண்டியது ஒரு தாள்: ரேஷன் கார்டு மாதிரி வரைந்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் குழுவின் பெயர், உறுப்பினர்கள் என்ற இடத்தில் பணம் போட்டவர்கள், பெற்ற பொருள் என்ற இடத்தில் அரிசி அளவு. தபால்தலை எடைகூட இருக்காது. இத்தனை வகை பார்த்ததில் எனக்கு மனசுக்கு மிகவும் நிறைவானது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. 2023-ல் தொடங்கிய டெய்லர் ஸ்விஃப்டின் சுற்றுப்பயணத்தில் மணிகள் கோத்த கைப்பட்டைகளை ரசிகைகள் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுக்கலாம் என்பது நல்ல யோசனை. தனியாகக் கச்சேரிக்கு வருகிறவர்கள் வைட்ஃபீல்டில் நிறைய. வேலைக்காக வந்து, ஊரில் யாரையும் தெரியாமல் இருப்பவர்கள். அகம் கச்சேரிக்கு வருகிற கோயம்புத்தூர்க்காரரும் பாலக்காட்டுக்காரரும் பேசிக்கொள்ள ஒரு காகிதப் பட்டை போதும்: அதில் ஒரு ராகத்தின் பெயர், அவ்வளவே.

கூட வைக்கும் சீட்டு

பொருளைவிட முக்கியம் அதோடு வைக்கும் சீட்டு. கையால் எழுதுங்கள். கடைசியில் உங்கள் பெயர், ஊர், எந்தத் தேதிக் கச்சேரி. தொலைபேசி எண் வேண்டாம். இருந்தால் பதில் போட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்துவிடும். தமிழில் எழுதலாமா என்று தயங்காதீர்கள். பெங்களூர்க் குழுக்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், இல்லாவிட்டாலும் படித்துச் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கன்னடத்தில் ‘தும்ப தன்யவாதகளு’ என்று ஒரு வரி சேர்த்தால், கன்னடக் குழுவுக்கு அது பொம்மையைவிடப் பிடித்துப்போகக்கூடும். அப்ரைசல் படிவமோ நாலணாவோ, அதில் என்ன வேடிக்கை என்பதைச் சீட்டில் விளக்காதீர்கள். எந்தப் பாட்டு, எந்த இடம், அதை எங்கே கேட்டீர்கள், இந்த மூன்றும் போதும்.

கொடுத்த பிறகு சும்மா இருங்கள். பதிவு வருகிறதா, படம் போடுகிறார்களா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; ‘கிடைத்ததா’ என்று கேட்டு எழுதவும் வேண்டாம். அடுத்த கச்சேரிக்கும் பரிசோடு போக வேண்டிய அவசியமில்லை. குழு நடக்க வேண்டுமானால் டிக்கெட்டுக்கும் மெர்ச் மேசைக்கும்தான் பணம் போக வேண்டும். பரிசுக்கு ஐநூறு ரூபாய் ஒதுக்கி, இலவச பாஸ் தேடுகிறவரைவிட, டிக்கெட் எடுத்து வந்து, ஒரு ஆல்பம் வாங்கி, நாலணாவை நீட்டுகிறவர்தான் குழுவுக்கு வேண்டியவர். மெர்ச் மேசைகள் எதில் பணம் வாங்குகின்றன, டி-ஷர்ட் அளவு எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அடுத்த அத்தியாயத்தில்.